கிலோமீட்டருக்கு ஒரு சாண்

உஸேஸ் மேட்டில் இருக்கிறது, அதன் தண்ணீர் பள்ளத்தில் இருக்கிறது. தென் பிரான்சின் கார் மாவட்டத்தில், சுண்ணாம்புப் பாறைத் திட்டு ஒன்றின்மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் சிற்றூர் அது. எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். ஊரின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் அல்ஸோன் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கு தெரியும். அங்கே சுமார் 72 மீட்டர் மட்டத்தில், பாறைக்கடியிலிருந்து எர் என்ற ஊற்று பொங்குகிறது. ஊரிலிருந்து காலாற நடந்து போய் வரலாம். ஆனால் அவ்வளவு தண்ணீரையும் எழுபது மீட்டர் மேலே தூக்கிவிட 2,000 ஆண்டுகளுக்கு முன் வழி கிடையாது. தண்ணீர் இறக்கத்தைத் தேடித்தான் போகும். ஆகவே, பக்கத்து மேட்டுக்கு எட்டாத தண்ணீர் ஐம்பது கிலோமீட்டர் வாய்க்கால் வழியே நீம் நகரத்துக்குப் போனது. அது போய்ச் சேர்ந்த கதையும் ஓய்ந்த கதையும்தான் இது.

அந்தப் பக்கத்தில் மழைக்குக் குறைவில்லை. வடமேற்கே உள்ள செவேன் மலைகளில் இலையுதிர்காலத்தில் கொட்டும் மழை பேர்போனது. சில மணி நேரத்தில் ஆற்றைக் கரைபுரள வைத்துவிடும். ஆனால் பெய்த நீர் மேலே தங்காது. உஸேஸைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. கல்லின் விரிசல்களை அரிக்கிறது, பொந்தாக்குகிறது, குகையாக்குகிறது, பிறகு கீழே இறங்கிக் காணாமல் போய்விடுகிறது. மேலே மிஞ்சுவது முட்புதரும் குட்டை ஓக் மரங்களும் தைமும் ரோஸ்மேரியும் மணக்கும் காய்ந்த காடு. கரிக் என்று அதற்குப் பெயர். பாறைக்குள் அலைந்த நீர் எங்காவது ஓரிடத்தில் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? எர் ஊற்று அப்படிப்பட்ட வாசல். வரும்போது, வழியெல்லாம் தான் கரைத்த சுண்ணாம்பையும் தூக்கிக்கொண்டு வருகிறது. இந்தச் சுண்ணாம்பை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

ரோமானியர் காலத்தில் ஊரின் பெயர் உகேத்தியா. நீம் நகரில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் பொறித்திருந்த பெயர் என்பதற்கு மேல் அதைப்பற்றி நெடுங்காலம் அதிகம் தெரியாமலிருந்தது. 2017இல், மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு விடுதி கட்ட ஒதுக்கிய இடத்தில் இன்ராப் என்ற பிரெஞ்சுத் தொல்லியல் நிறுவனம் அகழ்ந்தது. மதிலும், தூண்கள் நின்ற பெரிய கட்டடமும், வண்ணச் சில்லுகள் பதித்த தரையும் வெளிப்பட்டன. தரையில் ஓர் ஆந்தை, ஒரு வாத்து, ஒரு கழுகு, ஒரு மான்குட்டி. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த வேலை அது. வாய்க்காலுக்கு முன்பே இங்கே வசதியானவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். தண்ணீரைத் தானம் கொடுக்கும் அளவுக்கு ஒன்றுமில்லாத பட்டிக்காடு அல்ல உகேத்தியா. இருந்தாலும் முடிவெடுத்த இடம் நீம்தான்.

நீம் நகரத்துக்குத் தண்ணீரே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்நகரம் பிறந்ததே ஓர் ஊற்றங்கரையில். நெமௌசுஸ் என்ற தெய்வம் உறையும் ஊற்று என்று உள்ளூர் மக்கள் கும்பிட்ட இடம். நகரத்தின் பெயரே அந்தத் தெய்வத்தின் பெயர். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சுமார் ஆறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு மதில் எழுந்தது, கோயில்கள் எழுந்தன. முதலையைப் பனை வகை மரம் ஒன்றில் சங்கிலியால் கட்டியிருக்கும் நாணயம் அங்கே அச்சானது. குளியல் மண்டபங்களும் தெருவுக்குத் தெரு நீரூற்றுகளும் இல்லாத ரோமானிய நகரம் நகரமாகாது. உள்ளூர் ஊற்றோ தாழ்வான இடத்தில் இருந்தது, கோடையில் இளைத்தும் போகும். மேட்டுத் தெருக்களுக்கும் ஓடித் தீராத தண்ணீர் வேண்டுமென்றால் வெளியிலிருந்து உயரமான மட்டத்தில் கொண்டுவர வேண்டும். தாகத்தில் பாதி, தடபுடலில் பாதி என்று இந்தத் திட்டத்தைப் பங்கு பிரிக்கலாம் என்று தோன்றுகிறது. யார் கட்டினார் என்று சொல்லும் கல்வெட்டு கிடைக்கவில்லை. அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பா கி.மு. 19 வாக்கில் கட்டியது என்று நெடுநாள் பாடம் நடந்தது. பிற்கால அகழாய்வுகளில் கிடைத்த பானை ஓடுகளும் நாணயங்களும் கட்டுமானத்தைக் கி.பி. 40க்கும் 60க்கும் இடைப்பட்ட காலத்துக்குத் தள்ளின.

எர் ஊற்றுக்கும் நீம் நகருக்கும் நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டர்தான். நடுவில் கரிக் மேடுகள் மறிக்கின்றன. அதனால் வாய்க்கால் கிழக்கே போய், வேர் என்ற ஊரைத் தொட்டு, கார்தோன் ஆற்றைக் கடந்து, ரெமூலன் பக்கத்துப் பள்ளங்களைச் சுற்றி, செர்ன்யாக்கில் பாறையைத் துளைத்து, தெற்காகத் திரும்பி, மேடுகளின் அடிவாரத்தை ஒட்டியே நீம் நகரத்துக்குள் நுழைகிறது. மொத்தம் 50 கிலோமீட்டர்.

இனி இறக்கத்தைப் பார்ப்போம். புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 12.6 மீட்டர். அதாவது நாலு மாடி வீட்டின் உயரத்தை ஐம்பது கிலோமீட்டருக்குப் பங்கு போட வேண்டும். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர்: ஒரு சாணும் ஒரு விரற்கடையும். அதுவும் சராசரிதான். சில இடங்களில் நூறு மீட்டருக்கு 7 மில்லிமீட்டர் மட்டுமே இறங்குகிறது. கடப்பைக்கல் மேடையில் தண்ணீர் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடும் என்று நம்மால் சொல்ல முடியாத சரிவு அது. விட்ருவியுஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் மட்டம் பார்க்கும் கருவி ஒன்றை விவரிக்கிறார். இருபது அடி நீளப் பலகை. இரு முனையிலும் தூக்குக்குண்டு நூல்கள். காற்றடித்து நூல் ஆடினால், பலகை மேல் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதிரிக் கருவியோடு, புதர்க்காட்டிலும் பாறைச் சரிவிலும், பார்வைக்கு எட்டாத இரண்டு ஊர்களுக்கு நடுவே சாண் கணக்கில் மட்டம் பிடித்திருக்கிறார்கள். வேலைக்கு 800 முதல் 1,000 பேர் வரை, பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடித்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மட்டம் பிடித்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

வாய்க்கால் பெரும்பகுதி மண்ணுக்குள் மறைந்து ஓடியது. சுமார் 1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். ஆள் உள்ளே இறங்கிக் குனிந்து நடக்கலாம். அடியிலும் பக்கத்திலும் கற்கட்டு, மேலே வளைவு மூடி, அதன்மேல் மண். வெயிலும் தூசியும் ஆடுமாடும் தண்ணீரை அண்டாது. உள்பக்கம் செங்கற்பொடி கலந்த சுண்ணாம்புச் சாந்து பூசி, அதற்கும் மேலே சிவப்பாக ஒரு பூச்சு கொடுத்திருக்கிறார்கள். மால்தா என்ற பூச்சை எப்படிச் செய்வது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்: சுண்ணாம்பை ஒயினில் நீற்றி, பன்றிக் கொழுப்பும் அத்திப்பழமும் சேர்த்து இடிக்க வேண்டும். நம் ஊர்க் கொத்தனார்கள் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்ததை நினைத்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊற்றுக்குக் கொஞ்சம் கீழே உஸேஸ் பள்ளத்தாக்கிலேயே ஒரு தொட்டியும் மதகும் இருந்தன. வாய்க்காலுக்கு எவ்வளவு விடுவது, மிச்சத்தை எப்படி அல்ஸோன் ஆற்றில் திருப்புவது என்பதை அங்கே தீர்மானித்தார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த குளியல் மண்டபங்களின் சாவி உஸேஸ் பள்ளத்தில் இருந்தது என்று இதைச் சொல்லலாம். வாய்க்காலைச் சுத்தம் செய்யவோ செப்பனிடவோ தண்ணீரை நிறுத்துவதும் அங்கேதான்.

பதினாறு கிலோமீட்டர் தாண்டியதும் கார்தோன் ஆறு குறுக்கே வருகிறது. அங்கேதான் உலகமே வந்து படமெடுக்கும் போன் த்யு கார் என்ற பாலம். இந்தப் பாலத்தின் மீது எனக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. ஐம்பது கிலோமீட்டர் உழைப்பின் புகழை முழுக்க இந்த 275 மீட்டரே சுருட்டிக்கொண்டது. ஆனாலும் அதன் முன் நின்றால் கோபம் நிற்காது. மூன்று அடுக்கு வளைவுகள்; கீழே 6, நடுவில் 11, மேலே முதலில் 47 இருந்து இப்போது 35. ஆற்றிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 49 மீட்டர். ஆற்றின் மேல் பாயும் பெரிய வளைவு மட்டும் 24 மீட்டருக்கு மேல் அகலம். கீழ் இரண்டு அடுக்கும் சாந்தே இல்லாமல், வெட்டிய கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை. சில கற்கள் ஆறு டன் எடை. எல்லாம் பக்கத்தில், ஆற்றோரச் சுரங்கத்தில் வெட்டிய சிப்பி படிந்த மஞ்சள் சுண்ணாம்புக்கல்.

கிட்டே போய்ப் பார்த்தால் கற்களில் எழுத்துகள் தெரியும். முன்பக்கம், இடது, மூன்றாவது என்ற பொருளில் சுருக்கக் குறிகள். கல் சுரங்கத்திலேயே அளவெடுத்து வெட்டி, எங்கே வைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். முகப்பிலிருந்து சில கற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சாரம் கட்டவும் வளைவுக்கான மரச்சட்டத்தைத் தாங்கவும் விட்ட கற்கள். வேலை முடிந்ததும் செதுக்கித் தள்ள யாருக்கும் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை. நகரத்து நாகரிகர் வந்து பார்க்கும் இடமல்ல அது, காட்டுக்குள் நிற்கும் வாய்க்கால்தானே என்று விட்டிருப்பார்கள்.

பாலத்தின் உண்மையான சாமர்த்தியம் உயரத்தில் இல்லை, உயரத்தைக் குறைத்ததில் இருக்கிறது. ஊற்றிலிருந்து நகரம் வரை ஒரே சரிவில் வந்திருந்தால் பாலம் இன்னும் ஆறு மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும்; அந்த ஆறு மீட்டர் பெரிய ஆபத்து. அதனால் பாலத்துக்கு முந்தைய தூரத்தில் கொஞ்சம் தாராளமாக, சில இடங்களில் கிலோமீட்டருக்கு 67 சென்டிமீட்டர் வரை இறக்கிவிட்டார்கள். அந்தத் தாராளத்தின் கடனைப் பாலத்துக்குப் பிந்தைய தூரம் அடைக்க வேண்டி வந்தது. அங்கே சரிவு மிகவும் சுருங்கிவிட்டது. பாலத்தின் மேலேயே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இறக்கம் 2.5 சென்டிமீட்டர்தான். விளைவு, தண்ணீர் விட்ட பிறகு பாலத்தருகே வாய்க்கால் நிரம்பி வழியத் தொடங்கியது. பக்கச்சுவரை உயர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. ஆயிரம் பேர் அண்ணாந்து வியக்கும் பொறியியலில் இப்படி ஓர் ஒட்டுப்போடும் வேலை இருப்பதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பாலம் எனக்கு நெருக்கமானது.

பாலம் நேராகவும் இல்லை. மேலே நின்று பார்த்தால் லேசாக வளைந்திருப்பது தெரியும். வெள்ளத்தை எதிர்க்க வேண்டுமென்றே வளைத்துக் கட்டினார்கள் என்று ஒரு விளக்கம் வெகுகாலம் ஓடியது. 1989இல் நுட்பமாக அளந்து பார்த்தபோது, வெயிலில் கல் விரிந்து இரவில் சுருங்குவதால் பாலம் தினமும் சுமார் 5 மில்லிமீட்டர் அசைகிறது என்றும், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அந்த அசைவுதான் வளைவாகத் தங்கிவிட்டது என்றும் தெரிந்தது.

ஆற்றைத் தாண்டியபின் வாய்க்கால் பள்ளத்துக்குப் பள்ளம் வளைந்து வளைந்து போகிறது. செர்ன்யாக்கில் சுரங்கப் பாதைகள். சுவரில் உளிக்கோடுகள் நேற்று வெட்டியதுபோல் வரிசையாக இருக்கின்றன. உஸேஸ் ஊற்றில் விட்ட நீர் நீம் வந்து சேர ஏறத்தாழ 27 மணி நேரம் ஆனது. நாளொன்றுக்கு மூன்றரைக் கோடி லிட்டர் வந்திருக்கும் என்பது ஒரு கணக்கு. சேர்ந்த இடம், மதிலுக்குள்ளே மேட்டில் இருந்த பகிர்மானத் தொட்டி. 1844இல் அது தற்செயலாக வெளிப்பட்டது. ஏறத்தாழ ஆறு மீட்டர் விட்டத்தில் வட்டமான தொட்டி, சுவரில் பத்துத் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஈயக் குழாய் கிளம்பி நகரத்தின் ஒவ்வொரு பகுதிக்குப் போனது. தரையில் இருக்கும் மூன்று துளைகள் தொட்டியைக் காலி செய்ய. ரோமானிய உலகத்தில் இவ்வளவு நன்றாகத் தப்பிப் பிழைத்த பகிர்மானத் தொட்டி இன்னொன்று பொம்பேயில்தான் இருக்கிறது. நீம் தொட்டியைப் பார்க்கக் கூட்டமில்லை. ஒரு சாதாரணத் தெருவோரத்தில், இரும்புக் கம்பி வேலிக்குப் பின்னால், யாருக்கும் தொந்தரவு தராமல் கிடக்கிறது.

இப்போது அந்தச் சுண்ணாம்பு. போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம்தான். பாறைக்குள் அழுத்தத்தில் கரியமில வாயுவைப் பிடித்து வைத்திருந்த நீர், வெளிக்காற்றைக் கண்டதும் வாயுவை விட்டுவிடுகிறது. வாயு போனால் சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாது, சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் வாய்க்கால் நூறு நூறு ஆண்டுகளாக ஓடியது. பாலத்தின் உச்சியில் இன்றும் அதைப் பார்க்கலாம்: இரு பக்கச் சுவரிலும் அரை மீட்டர் வரை கெட்டிப்பட்ட படிவு, நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்து. வெட்டி மெருகேற்றினால் வரிவரியாக அடுக்குகள் தெரிகின்றன, பருவத்துக்கு ஒரு கோடாக. சுவரை ஒட்டிய பழைய அடுக்குகள் கெட்டியாக, சுத்தமாக, வெளிர் நிறத்தில் இருக்கின்றன. அவை படிந்த காலத்தில் வாய்க்காலைக் கவனிக்க ஆள் இருந்தது, மூடி கெட்டியாக இருந்தது, வெளியழுக்கு உள்ளே வரவில்லை. உட்பக்கம் வர வர அடுக்குகள் பழுப்பாகின்றன, மண் கலக்கிறது, ஓட்டை விழுகிறது. வேர்கள் இருந்த தடம் தெரிகிறது. மூடிக்கல் விரிசல் விட்டு, வெளிச்சமும் வேரும் உள்ளே நுழைந்திருக்கின்றன. வெட்டியெறிய ஆள் வரவில்லை.

நகராட்சிக் கணக்குப் புத்தகம் எதுவும் மிஞ்சாத இடத்தில் இந்தக் கல்தான் கணக்குப் புத்தகம். அதை வாசித்தவர்கள் சொல்வது: நான்காம் நூற்றாண்டு வாக்கில் பராமரிப்பு தளர்ந்துவிட்டது. ஆறாம் நூற்றாண்டு வரை ஏதோ ஓடிக்கொண்டிருந்திருக்கலாம், முன்பு வந்த அளவில் சொற்பம். காட்டுமிராண்டிகள் படையெடுத்து வந்து ஒரே நாளில் பாலத்தை உடைத்துத் தண்ணீரை நிறுத்தினார்கள் என்ற சினிமாக் காட்சிக்கு இங்கே ஆதாரமில்லை. தூர் வாருகிறவர்களுக்குக் கூலி கொடுக்கும் நகரம் மெல்ல ஏழையாயிற்று, சுருங்கிற்று. சுண்ணாம்பு தன் வேலையைச் செய்தது. அதன்பின் கால்வாய் கல் எடுக்கும் குவாரியானது. பாலத்துக்கு அருகே சேன் பொனே ஊரின் பன்னிரண்டாம் நூற்றாண்டு தேவாலயத்துக்கு வாய்க்காலின் கற்களே பயன்பட்டன. தண்ணீர் தானே உருவாக்கிய அந்தச் சுண்ணாம்புப் படிவையும் பாளம் பாளமாகப் பெயர்த்துக் கட்டடங்களுக்கு வைத்தார்கள்.

தண்ணீர் நின்ற பிறகு உஸேஸின் காலம் வந்தது. ஆயர் பீடமாக அது ஓங்கியது. அங்கிருந்து வெளியே புறப்பட்ட சரக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு புத்தகம். துவோதா என்ற பிரபுகுலப் பெண்ணைக் கணவர் பெர்னார் உஸேஸில் இருத்திவிட்டு அரசியலில் ஓடிக்கொண்டிருந்தார். மூத்த மகன் அரசவையில் ஏறக்குறையப் பிணையாக இருந்தான். கைக்குழந்தையையும் கணவர் வாங்கிக்கொண்டார். மூத்தவனுக்காக 841இன் இறுதியிலிருந்து 843இன் தொடக்கம் வரை லத்தீனில் அவர் எழுதிய அறிவுரை நூல், ஐரோப்பாவில் ஒரு தாய் பிள்ளைக்கு எழுதியவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக நிலைத்துவிட்டது. மன்னனிடம் எப்படிப் பணிய வேண்டும், தந்தையிடம் எப்படி நடக்க வேண்டும் என்று அதில் சொல்லிக்கொடுத்தார். சில ஆண்டுகளில் அந்த மன்னனின் ஆட்களாலேயே கணவரும் மகனும் கொல்லப்பட்டனர். எழுதியதை மட்டும் யாரும் கொல்லவில்லை.

பாலத்திலிருந்தும் உஸேஸுக்கு ஒரு வரும்படி கிடைத்தது, தண்ணீர் வற்றிய பிறகு. நடு அடுக்கின் தூண்களைச் செதுக்கி, கழுதையும் மனிதரும் போகப் பாதை விட்டிருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் அந்தப் பாதையில் சுங்கம் வாங்கும் உரிமையை உஸேஸ் பிரபுக்களுக்குக் கொடுத்தார். பின்னர் அது உஸேஸ் ஆயர்களுக்குப் போனது. பதிலுக்குப் பாலத்தைப் பழுதுபார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். தண்ணீர் ஓடிய ஐந்நூறு ஆண்டில் உஸேஸுக்குக் கிடைக்காத காசு, வறண்ட பாலத்தில் கிடைத்தது. இன்று கல் குவியலாகாமல் பாலம் நிற்பதற்கு இந்தச் சுங்கச்சாவடியும் ஒரு காரணம். பயன்படாதிருந்த மேற்பகுதிகளில் கற்கள் போய்க்கொண்டிருந்தன. கடந்துபோகப் பயன்பட்ட பகுதியை யாரும் தொடவில்லை.

மதச் சண்டைகளின்போது உஸேஸ் புரொட்டஸ்டண்ட் ஊராக இருந்தது. 1621இல் பழைய பேராலயம் அழிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஃபெனெஸ்த்ரெல் கோபுரம் மட்டும் தப்பியது: 42 மீட்டர் உயரத்தில், அடுக்கடுக்காகச் சாளரங்களோடு, வட்டமாக. பிரான்சில் இந்த வகையில் வட்டமானது அது ஒன்றுதான். அதே 1620களில் புரொட்டஸ்டண்ட் தளபதி ரோஆன் பிரபு தன் பீரங்கிகளைக் கார்தோன் ஆற்றைக் கடத்த வேண்டியிருந்தது. நடு அடுக்கின் தூண்களை ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு வெட்டித் தள்ளி வழி செய்துகொண்டார். பாலம் அன்றே விழுந்திருக்க வேண்டியது. 1702-03இல்தான் பெரிய அளவில் செப்பனிட்டார்கள். வண்டிப் போக்குவரத்தை அதிலிருந்து பிரிக்க 1743 முதல் 1747 வரை பக்கத்திலேயே ஒட்டி ஒரு சாலைப் பாலம் கட்டியவர் ஆன்ரி பித்தோ. விமானத்தின் வேகத்தை அளக்கும் பித்தோ குழாய் அவர் பெயரால்தான் வழங்குகிறது. 1732இல் ஓடும் நீரின் வேகத்தை அளக்க அவர் கண்டுபிடித்தது அது. ரோமானியத் தண்ணீர் வழியில் இந்தப் பெரிய வேலையைச் செய்தவரும் தண்ணீர்க்காரர்தான்.

பித்தோ வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1737இல் ரூசோ வந்தார். எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்த ஒரே பொருள் இந்தப் பாலம்தான் என்ற பொருளில் தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். அதற்கும் முன்பு, 1661இல், இளம் ரசீன் உஸேஸுக்கு வந்து தாய்மாமனான மதகுருவின் வீட்டில் தங்கினார். சபையில் ஒரு வருமானப் பதவி கிடைக்காதா என்று காத்திருந்தார். கிடைக்கவில்லை, பாரிஸுக்குத் திரும்பி நாடகம் எழுதினார். பிரெஞ்சு இலக்கியத்துக்கு உஸேஸ் செய்த பெரிய உதவி அந்தப் பதவியைக் கொடுக்காததுதான். ஊரில் பட்டுக் காலுறை நெய்தார்கள், அதிமதுரச் சாற்றில் கறுப்பு மிட்டாய் செய்தார்கள். 1565இல் ஊரின் பிரபு குடும்பம் டியூக் பட்டம் பெற்றது. அந்தக் குடும்பத்து டச்சஸ் ஒருவர் 1898இல் பிரான்சில் காரோட்ட உரிமம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவராகி, வேகமாக ஓட்டியதற்கு அபராதமும் கட்டினார். 1960களில் பழைய நகரம் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. இன்று மூலிகைச் சந்தைச் சதுக்கத்தில் சந்தை நாளன்று நடக்க இடமிருக்காது.

நீம் நகரமோ 19ஆம் நூற்றாண்டில் மறுபடி தண்ணீருக்குத் தவித்தது. ஆலைகளும் ஜனத்தொகையும் பெருகின; பழைய தெய்வத்தின் ஊற்று போதவில்லை. ரோமானிய வாய்க்காலையே தூர் வாரி எர் ஊற்றைத் திரும்ப வரவழைக்கலாமா என்று ஒரு தரப்பு வாதாடியது. 1850இல் பாலத்தைப் பார்க்க வந்த அப்போதைய பிரெஞ்சு அதிபர் லூயி நெப்போலியன் அதைச் சீர்செய்ய ஆர்வம் காட்டினார். 1855 முதல் 1858 வரை வேலை நடந்தது. ஆனால் அது பாலத்துக்கு வைத்தியம், தண்ணீருக்கு இல்லை. கடைசியில் ரோன் ஆற்றிலிருந்து எந்திரம் வைத்து இறைப்பதென்று முடிவாயிற்று.

1985இல் யுனெஸ்கோ பாலத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. வெள்ளங்கள் அதற்குச் சான்றிதழ் கொடுத்திருந்தன. 1958இல் கார்தோன் பொங்கியபோது கீழ் அடுக்கு முழுக்க மூழ்கியது. ஆற்றின் வேறு பாலங்கள் அடித்துப்போயின, இது நின்றது. 2002 செப்டம்பரிலும் அப்படியே. 2000இல் வண்டிகளுக்குத் தடை வந்தது. இப்போது கீழே கோடையில் கயாக் விடுகிறார்கள். படகுகள் புறப்படுவது மேலே கோலியாஸ் என்ற ஊரிலிருந்து. உஸேஸிலிருந்து வரும் அல்ஸோன் கார்தோனில் கலப்பதும் அதே கோலியாஸில்தான்.

ஆக, எர் ஊற்றின் தண்ணீர் இன்றும் பாலத்துக்கு வருகிறது, அடியில். தலைக்கு மேலே 49 மீட்டர் உயரத்தில் கால்வாய் காலியாகக் கிடக்க, துடுப்புகளுக்கும் நீச்சலடிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே போகிறது. ரெமூலனைத் தாண்டி, கோம்ப்ஸ் அருகே ரோனில் சேர்கிறது. நீம் நகரம் இப்போது குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதியை அந்தக் கோம்ப்ஸ் பக்கத்து ரோன் கரைக் கிணறுகளிலிருந்துதான் எடுக்கிறது. சரிவு பார்க்க வேண்டிய கவலை இல்லை. மின்சார மோட்டார் மேட்டுக்குத் தள்ளிவிடுகிறது.